உருளைக்கிழங்கு எந்தப் பக்கம்?

"எங்கட அப்பா இதொண்டும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அம்மா அழுவா."

மெனு அட்டையை நீட்டிய பெண்ணிடம் என் மகள் அபிரா சொன்னது இது. சொன்னது நோர்வேஜிய மொழியில். பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி, மிகத் தெளிவாக. ஐந்து வயது. பேச்சு நன்றாக வருகிறது என்று பாலர் பாடசாலை ஆசிரியை அந்த வாரம்தான் பாராட்டியிருந்தார்...

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மெனு அட்டைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

இது நடந்து பத்து வாரமாகிறது. அப்போதே எழுதியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. இந்த வாரம்தான் கொஞ்சம் துணிவு வந்திருக்கிறது.

கதை பனிக்காலத்தில் தொடங்குகிறது.

என் கணவர் வாசன் பஸ் ஓட்டுநர். வயது முப்பத்தெட்டு. நாள் முழுக்க இருந்தபடி வேலை. பெப்ரவரியில் எங்கள் குடும்ப டொக்டர் அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். சீனி வருத்தம் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாப்பாட்டைத் திருத்தி, நன்றாக நடந்தால் திரும்பிப் போய்விடும். திருத்தாவிட்டால் தினமும் விழுங்கக் குளிசை. ஒருமுறை தொடங்கினால் பெரும்பாலும் அது தொடரும் என்றார்.

முப்பத்தெட்டு வயதில் குளிசைப் பெட்டியா? மகள் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை.

டொக்டரின் தாதி ஒரு படம் தந்தார். வட்டமான தட்டு. பெரிய பங்கில் மரக்கறி. ஒரு சிறிய பங்கில் மீன் அல்லது இறைச்சி. மற்றச் சிறிய பங்கில் சோறு, பாண், உருளைக்கிழங்கு. இதைப் பார்த்துச் சமைத்தால் போதும் என்றார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாற்பதாம் பக்கம் வரை படித்து வரச் சொன்னால், நாற்பத்தொன்றையும் படித்துவிட்டு, நாற்பத்திரண்டைப் படிக்காமல் விட்டோமே என்று கவலைப்பட்டவள் நான். படம் அன்றே பிரிட்ஜ் கதவில் ஏறியது.

சோற்றை அளந்தேன். தேத்தண்ணிக் கோப்பையால் ஒரு கோப்பை. மேலே கத்தியின் முதுகால் மட்டம் தட்டி. தேங்காய்ப்பால் நின்றது. சீனிப் பேணி அலுமாரியின் உச்சிக்குப் போனது. வெளிச் சாப்பாடு அடியோடு தடை. பிறந்தநாள் விழாக்களுக்குப் போனால் அவருக்கென்று என் கைப்பையில் தனிப்பெட்டி. மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸ் கடிப்பார்கள். அவர் ஒரு மூலையில் பெட்டியைத் திறப்பார். கிட்ட வந்து "என்ன மச்சான், விரதமோ?" என்று கேட்காத ஆள் இல்லை.

அவருக்கு அதிகாலை வேலையென்றால் நான் நாலு மணிக்கே எழும்பிச் சமைப்பேன். அளந்த சோற்றுக்குப் பசி அடங்காதே... அதனால் மரக்கறியை அள்ளி அள்ளி வைத்தேன். அதற்குத்தான் படத்திலேயே பெரிய பங்கு இருக்கிறதே!

ஏப்ரல் கடைசியில் அடுத்த பரிசோதனை. பெருமையோடுதான் போனேன்.

சீனி கூடியிருந்தது.

டொக்டர் உடனே குளிசை எழுதவில்லை. கோடை முடியும்வரை பார்ப்போம், கடைசித் தடவை என்றார். வீட்டுக் கதவைச் சாத்தியதும் தொடங்கினேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. வெளியில என்ன சாப்பிடுறனீங்கள்?"

"ஒண்டும் இல்லையப்பா. நீர் கட்டித் தாறதைத்தான் சாப்பிடுறனான்."

"அப்ப எப்பிடி ஏறினது?"

"எனக்கென்ன தெரியும்? நான் பஸ் ஓட்டுறனான். ரத்தமோ ஓட்டுறனான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் நிலையங்களில் விற்கும் சொசேஜ் என் கண்ணுக்குள் வந்து போனது. அவருக்கு அது உயிர். மெல்லிய ரொட்டியில் சுற்றி, மேலே பொரித்த வெங்காயம் தூவி... ஒஸ்லோவில் அது மணக்காத தெரு உண்டா? அவருடைய சீருடைச் சட்டையை மணந்து பார்த்தேன். பொக்கற்றைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் சந்தேகத்தைத்தான் கூட்டியது — மனிதர் கவனமாகத்தான் இருக்கிறார்!

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவரோடு வேலை செய்யும் தர்மன் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இவர் பிரேக்கில என்ன சாப்பிடுறவர்? நீங்கள் ஒருக்காப் பார்த்துச் சொல்லுவீங்களோ?"

தர்மன் அண்ணை நல்ல மனிதர். ஆனால் அவர் போனில் கதைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும். நான் கேட்டதை அவர் அப்படியே திருப்பிச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள், பஸ் நிலையத்தின் ஓய்வறையில் இருந்த அத்தனை தமிழரும். அடுத்த நாள் காலை வாசன் உள்ளே போனதும் ஒருவர் எழுந்து சல்யூட் அடித்தாராம். "வாடா மச்சான், வீட்டில சிஐடி வைச்சிருக்கிறியாம்!" என்றாராம் இன்னொருவர்.

வாசன் வீட்டுக்கு வந்து ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"என்னட்டைக் கேட்டனீர், சரி. தர்மனிட்டை ஏன் கேட்டனீர்?"

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவர் அபிராவோடு மட்டும் கதைத்தார். வைத்ததைச் சாப்பிட்டார். எழுந்து போனார். எட்டு வருடக் கலியாணத்தில் எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபம். அதோடு, ஒருவேளை அவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்ற பயம். இரண்டையும் ஒன்றாகச் சுமந்து பார்த்திருக்கிறீர்களா?

மே முடிய, நல்ல காலமாக, மரிசோல் வந்து கதவைத் தட்டினாள்.

மரிசோலுக்கு ட்வெய்ட்டாப் பகுதியில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம். சிலி நாட்டுக்காரி. அங்கே இராணுவ ஆட்சி நடந்த காலத்தில், சிறுமியாக அப்பா அம்மாவோடு இங்கே வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. வயிற்றில் பிள்ளை இருந்தபோது அவளுக்கும் சீனி ஏறியது. பிறகு இறங்கிவிட்டாலும் இன்றுவரை கவனம். நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில்தான். ஆனால் அவள் கதைக்கிற வேகமும் கையாட்டமும் எங்கள் ஆட்களுடையவை. அதனால் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவளுக்கு நாற்பதாவது பிறந்தநாள். சனிக்கிழமை பின்னேரம் நகருக்குள் ஒரு லத்தீன் உணவகத்தில் சாப்பாடு, எங்கள் மூவரையும் கூப்பிட்டாள்.

"தாக்கோவா?" என்று கேட்டேன். நோர்வே வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றாலே தாக்கோதானே. ரொட்டிக்குள் இறைச்சி, பைக்கற்றில் வரும் மசாலாத்தூள், பேணியில் வரும் சோஸ்...

"தாக்கோ எங்கட சாப்பாடில்லை, மெக்சிக்கோக்காரருடையது. பைக்கற்றில வாறது அவையளுடையதும் இல்லை. அது நோர்வேக்காரற்றை தேசிய உணவு!" என்றாள்.

நான் வழக்கம்போல் காரணம் தேடத் தொடங்கினேன். வாசன் சோபாவில் இருந்தபடி மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு முழு வசனம் ஒன்று கதைத்தார்.

"ஒரு நேரம். ஒரேயொரு நேரம் மனிசர் மாதிரி வெளியில இருந்து சாப்பிடுவமப்பா."

எப்படி மறுப்பேன்? ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: அவருக்கு என்ன வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன்.

அப்படித்தான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம். அபிரா தன் அறிவித்தலைச் செய்து முடித்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மெனுவைப் படித்தேன். படிக்கப் படிக்க நிம்மதி! வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோளம், அவரை... லத்தீன் அமெரிக்கா என்று பயந்து வந்தால், அங்கே எனக்குத் தெரியாத சாமான் ஒன்றுமே இல்லை.

"இவருக்கு இறைச்சி வேண்டாம். மீன் வேண்டாம். முக்கியமாகச் சோறு வேண்டாம். மரக்கறி மட்டும்" என்று உறுதியாகச் சொன்னேன். வாழைக்காய்ப் பொரியல். உள்ளி போட்ட மரவள்ளி. அவித்த சோளம். காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு. கறுப்பு அவரை.

தட்டு வந்தது. மலைபோல் வந்தது. வாசனின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம். முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

மரிசோல் அந்தத் தட்டை உற்றுப் பார்த்தாள்.

"எங்கை மரக்கறி?"

"இதுதானே" என்றேன்.

"எது?"

"இது... இது... எல்லாமே."

அவள் என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். மேசை குலுங்கியது.

"அவரையை விடு, அது நல்ல சாமான். மற்றது வாழைக்காய், மரவள்ளி, சோளம், உருளைக்கிழங்கு... இதெல்லாம் சோற்றின்ரை கூடப்பிறந்த சகோதரம் அடி! சோற்றை வாசலில மறிச்சுப்போட்டு அவரின்ரை குடும்பத்தையே உள்ளுக்கு விட்டிருக்கிறாய்!"

"படத்திலை மரக்கறிக்குத்தானே பெரிய பங்கு..."

"அந்தப் படம் எங்கட சமையலறையிலயும் தொங்குது. அதில உருளைக்கிழங்கு எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குத் தெரியும். சோற்றுப் பக்கம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பார்த்துவிட்டு எனக்குள் ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்: நோர்வேக்காரர் உருளைக்கிழங்கைச் சோறுபோல் சாப்பிடுகிறவர்கள், ஆகவே அது அவர்களுக்கு எழுதியது. எங்கள் வீட்டில் அது கறியல்லவா? சோற்றோடு வைக்கிற கறி எப்படிச் சோறாகும்?

இதை மரிசோலிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எனக்கும் இதே பிழைதான். சீனி எண்டு சொன்னவுடனை பாணை விட்டன். சோளத்தை மூண்டு நேரமும் சாப்பிட்டன். மரத்தில காய்ச்சாலும் மண்ணுக்குள்ளை விளைஞ்சாலும் எல்லாம் மரக்கறிதான் எண்டு நினைச்சன்."

நான் வாசனின் பெட்டிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திங்கள், உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழைக்காய்க் கறியும். செவ்வாய், மரவள்ளியும் பருப்பும். புதன், வற்றாளைக்கிழங்கு... நாலு மணிக்கு எழும்பி, ஒரு கோப்பைச் சோற்றை மட்டம் தட்டி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் மூன்று கோப்பைச் சோற்றுக்குச் சமமானதை அமுக்கி அமுக்கி அடைத்தது யார்?

வீடு முழுக்கக் கள்ளனைத் தேடினேன். அகப்பை என் கையில்தான் இருந்தது.

வாசன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நான் கள்ளன் இல்லை."

"அப்பா, நீங்கள் கள்ளனோ?" என்றாள் அபிரா ஆர்வமாக.

"இல்லையாம், பிள்ளை. இப்பதான் முடிவு வந்திருக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அபிரா சொன்னது பலித்தது... ஆனால் அவர் சாப்பிட்டதற்காக அல்ல.

"பிழை என்ரைதானப்பா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"எனக்குச் சொன்னது காணும். தர்மனுக்குச் சொல்லும்."

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

"இப்ப."

நியாயம்தானே? கேட்டது போனில் என்றால் திருத்துவதும் போனில்தான். கைத்தொலைபேசியை எடுத்தேன். தர்மன் அண்ணையின் குரல் வழக்கம்போல் மேசை முழுக்கக் கேட்டது.

"அண்ணை, நான் அண்டைக்குக் கேட்டது பிழை. இவர் வெளியில ஒண்டும் சாப்பிடேல்லை. நான்தான் பிழையாச் சமைச்சுக் குடுத்தனான். மற்ற ஆக்களுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும், தங்கச்சி."

"தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"நீர் எங்கை சொல்ல விட்டனீர்? கேட்டுப்போட்டு டக்கெண்டு வைச்சிட்டீர். நான் ஒருநாள் சொசேஜ் வாங்கி நீட்டினனான். கையிலயும் தொடேல்லை அவன். 'அவள் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சவள், இதைச் சாப்பிட்டிட்டு அந்தப் பெட்டியை எப்பிடித் திறக்கிறது' எண்டான். இப்பிடி ஒருத்தனுக்கு நீர் சிஐடி வேறை வைக்கிறீர்!"

வாசனின் காது சிவந்துவிட்டது. "வையும், வையும் போனை" என்றார். நான் உடனே வைக்கவில்லை. அந்த வசனத்தை இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் மரிசோல் எழுந்து சமையலறைப் பக்கம் போய் வேறு சாப்பாடு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாட்டிய மீன். முட்டைக்கோவா, சலாட் இலை, வெண்ணெய்ப்பழம் போட்ட பெரிய கிண்ணம். கறுப்பு அவரை இருந்த இடத்திலேயே இருந்தது. சகோதரங்களில் ஒருவர் மட்டும்: உள்ளங்கை அளவில் ஒரு சோள ரொட்டி. வாழைக்காய்ப் பொரியலைத் தூக்கி மேசை நடுவில் வைத்தாள். ஆளுக்கு இரண்டு துண்டு.

"பொரியலை விடு எண்டு நான் சொல்லமாட்டன். என்ரை பிறந்தநாளுக்கு ஏன் சாபம் வாங்குவான்? பங்கு போட்டால் காணும்" என்றாள்.

கூடவே அவள் நாட்டுச் சம்பல் ஒன்று வந்தது. தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி இலை, தேசிக்காய்ப் புளி. எல்லாம் பொடியாக அரிந்தது. வாசன் மீனில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"சம்பலப்பா! தேங்காய்ப்பூ மட்டும்தான் இல்லை."

அவர் சாப்பிட்டார். ஆறுதலாக, கதைத்துக் கதைத்து, கையில் வழிந்த புளியை நக்கி... பத்து நிமிடத்தில் முடிக்கிற மனிதர் ஒரு மணி நேரம் சாப்பிட்டார். நான் அவர் தட்டைப் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். இரண்டு தரம்தான் பார்த்தேன். சரி, மூன்று.

நாங்கள் நாடு மாறி வந்த ஆட்கள். இங்கே எல்லாவற்றையும் ஒழுங்காகப் பின்பற்றுகிறோம். குப்பையைப் பிரித்துப் போடுகிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முந்திப் போகிறோம். ஒரு படம் தந்தால் பிரிட்ஜில் ஒட்டுகிறோம். ஆனால் ஒட்டும்போதே, இந்தப் பகுதி எங்களுக்கில்லை என்று ஒரு சின்னத் திருத்தத்தை யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் செய்துகொள்கிறோம். அந்தத் திருத்தத்தில்தான் எல்லாம் கவிழ்கிறது. தாதியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "அம்மா, நாங்கள் உருளைக்கிழங்கைக் கறியாக்குகிறவர்கள், அது எந்தப் பக்கம்?" கேட்கவில்லை. தர்மன் அண்ணையிடம் கேட்கத் தெரிந்த எனக்குத் தாதியிடம் கேட்க வெட்கம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோவா வறை, போஞ்சி, கீரை, லீக்ஸ். உருளைக்கிழங்குக் கறிக்கும் இடமுண்டு. அன்றைக்குச் சோறு அரைக் கோப்பை. தேங்காய்ப்பால் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் முடிந்தால் வெளியே சாப்பிடுகிறோம் — பெரும்பாலும் அதே லத்தீன் கடை, சில நேரம் வேறு. முதலில் பச்சையாக ஒரு கிண்ணம், பிறகு மீன் அல்லது கோழி, சகோதரங்களில் யாராவது ஒருவர். எது என்பதை அவரே தெரிவு செய்கிறார். வீட்டுக்கு வரும்போது இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கிறோம். அபிரா பாதி வழியில் அவர் தோளில் ஏறிவிடுவாள், அதுவும் பயிற்சிதான்.

ஆனாலும் பரிசோதனை நாள் நெருங்க நெருங்க நான் மறுபடி கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். சோள ரொட்டியைப் பாதியாக்கியிருக்க வேண்டுமோ? தேங்காய்ப்பாலுக்கு அவசரப்பட்டுவிட்டேனோ? மரிசோலின் பிறந்தநாள் பொரியல் இரண்டு துண்டும் இன்னும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்குமோ?

போன புதன்கிழமை டொக்டரிடம் போனோம். அவர் கணினியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எல்லைக்கோட்டுக்குக் கீழே, நன்றாகவே கீழே. குளிசை இல்லை. ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

"நல்லது! என்ன மாற்றினீர்கள்?" என்று வாசனைக் கேட்டார்.

என் வாய் திறந்துவிட்டது. பதினொரு விஷயம் வரிசையாகத் தயாராக இருந்தது. கைப்பையில் எழுதியும் வைத்திருந்தேன். வாசன் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சனிக்கிழமைகளில் வெளியில் சாப்பிடுகிறோம், டொக்டர்" என்றார் அவர்.

டொக்டர் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார், ஏதாவது விளக்கம் வருமா என்று. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன்... அவருடைய சீனியைக் குறைத்ததைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.